300 டிகிரியில் தங்கக் கிளஸ்டருக்கு என்ன ஆகிறது?

கேள்வி: 2 ஜூன் 2024, காலை

அக்கா, 25 தங்க அணுக்களைக் கந்தகச் சேர்மமான தயோலேட் சுற்றியிருக்கும் கிளஸ்டரை (நுண்ணிய அணுக்கூட்டத்தை) பி25 என்ற டைட்டானியா (டைட்டானியம் ஆக்சைடு) பொடி மேல் ஏற்றினேன். தங்கம் எடையில் 1 சதவீதம். மேலே சுற்றியிருக்கும் லிகண்டை, அதாவது அந்தத் தயோலேட்டை, எரிப்பதற்காக மஃபிள் ஃபர்னஸில் (மூடிய மின்சூளையில்) 300 டிகிரி, 2 மணி நேரம் வைத்தேன். உள்ளே போகும்போது இளம் பழுப்பு, வெளியே வரும்போது கத்தரிப்பூ நிறம். டெம் (மின்னணு நுண்ணோக்கி) படத்தில் 5 நானோமீட்டர் துகள்கள். கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனேற்றத்துக்கு வினையூக்கியாகப் போட்டால் 100 டிகிரி வரை ஒன்றுமே இல்லை. சூடாக்காத பொடியும் ஒன்றும் செய்யவில்லை. வெப்பம்தான் கிளஸ்டருக்கு எமன், சூடே காட்டாமல் பயன்படுத்தும் வழியைத்தான் தேட வேண்டும் என்று தோன்றுகிறது. சரியா?

2 ஜூன் 2024, மதியம்

டெம் எடுப்பதற்கு முன்பே நிறம் உங்களுக்குச் சொல்லிவிட்டது. தங்கத் துகள் சுமார் 2 நானோமீட்டரைத் தாண்டினால்தான் பிளாஸ்மான் உறிஞ்சல் (உலோகத்தின் எலக்ட்ரான்கள் ஒன்றாக அசைந்து ஒளியை விழுங்குவது) தெரியும். 520 முதல் 550 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒரு மேடு, கண்ணுக்குக் கத்தரிப்பூ நிறம். 25 அணு கிளஸ்டருக்கு அது கிடையாது. அதற்கு 670 பக்கம் ஒரு மேடும், 450, 400 பக்கம் இரண்டும் இருக்கும். பொடியைக் கரைக்காமல் அப்படியே எதிரொளிப்பு முறையில் யுவி-விசிபிள் (எந்த அலைநீள ஒளியை உறிஞ்சுகிறது என்று காட்டும் அளவீடு) எடுங்கள். 670 காணாமல் போய் 540 பக்கம் வந்துவிட்டது என்றால் கிளஸ்டர் கிளஸ்டராக இல்லை. டெம்முக்கு வரிசையில் காத்திருக்க வேண்டியதில்லை.

5 நானோமீட்டர் என்பது எவ்வளவு பெரிது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தங்கத்தில் ஒரு கன நானோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 59 அணுக்கள். 5 நானோமீட்டர் விட்டமுள்ள உருண்டையில் சுமார் 3,900 அணுக்கள் வரும். அதாவது உங்கள் கிளஸ்டர்களில் 150-க்கு மேல் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. அவற்றில் முக்கால்வாசி அணுக்கள் இப்போது உள்ளே புதைந்துவிட்டன. வாயுவைத் தொடுவது மிச்சம் உள்ளவைதான்.

சூடே காட்டக் கூடாது என்பதை மட்டும் நான் ஏற்கவில்லை. அதைப் பற்றி இரவு எழுதுகிறேன்.

2 ஜூன் 2024, இரவு

முதலில், ஏன் நகர்கின்றன என்பது.

தங்கம் உருகுவது 1064 டிகிரியில். 300 டிகிரியில் அது ஏன் அசைய வேண்டும் என்று நானும் தொடக்கத்தில் நினைத்ததுண்டு. இந்தத் துறையில் இரண்டு கைக்கணக்குகள் உண்டு. உருகுநிலையைக் கெல்வினில் எழுதி அதில் 0.3 பங்கு எடுத்தால் ஹியூட்டிக் வெப்பநிலை: மேற்பரப்பில் விளிம்பிலும் மூலையிலும் இருக்கும் அணுக்கள் நடமாடத் தொடங்கும் இடம். 0.5 பங்கு எடுத்தால் டாம்மான் வெப்பநிலை: உள்ளே இருக்கும் அணுக்களும் அசையத் தொடங்கும் இடம். தங்கத்துக்கு ஹியூட்டிக் சுமார் 128 டிகிரி, டாம்மான் சுமார் 395 டிகிரி. பிளாட்டினத்துக்கு 339, 747. இவை பெருந்துண்டு உலோகத்துக்கான எண்கள். துகள் சிறுத்தால் உருகுநிலையே இறங்கும் என்பதைத் தங்கத்தில் 1976-இல் புஃபாவும் போரெலும் அளந்து காட்டினார்கள். ஆக 300 டிகிரி என்பது தங்கக் கிளஸ்டருக்குக் கொஞ்ச நஞ்சச் சூடு அல்ல.

பெருப்பதற்கு இரண்டு வழிகள். ஒன்று, துகள் முழுதாகத் தாங்கி (அதைச் சுமக்கும் ஆக்சைடு, இங்கே டைட்டானியா) மேல் நகர்ந்து இன்னொன்றோடு ஒட்டிக்கொள்வது. ரசத்தின் மேல் எண்ணெய்ப் பொட்டுகள் மிதந்து மிதந்து ஒன்றாகுமே, அந்த மாதிரி. இன்னொன்று ஆஸ்ட்வால்ட் வழி: சின்னத் துகளிலிருந்து அணுக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று தாங்கி மேல் அலைந்து பெரிய துகளில் போய்ச் சேர்வது. இதில் துகள்கள் இருந்த இடத்திலேயே இருக்கும், சின்னது கரைந்துபோகும், பெரியது கொழுக்கும். இறுதியில் எடுத்த ஒரே ஒரு டெம் படத்தை வைத்து எந்த வழியில் நடந்தது என்று சொல்வது கடினம்.

உங்கள் 1 சதவீதம் என்பதையும் கவனியுங்கள். பி25-இன் பரப்பு கிராமுக்கு சுமார் 50 சதுர மீட்டர். கணக்குப் போட்டால் ஒரு கிளஸ்டருக்கு 40 சதுர நானோமீட்டர் இடம்தான். சராசரியாக 6 நானோமீட்டருக்கு ஒரு கிளஸ்டர். பக்கத்து வீட்டுச் சுவரைத் தொட்டுக்கொண்டு குடியிருப்பது போல. 0.1 சதவீதம் ஏற்றினால் இடைவெளி 20 நானோமீட்டராகும். அடுத்த முறை அங்கிருந்து தொடங்குங்கள்.

4 ஜூன் 2024

ஃபர்னஸ் பற்றி ஒன்று. என் ஆராய்ச்சியின் இரண்டாம் ஆண்டில் ஒரே பொடியை இரண்டு பீங்கான் படகுகளில் (பொடி வைக்கும் நீளமான கிண்ணங்களில்) பிரித்து, ஒரே நேரத்தில், ஒரே ஃபர்னஸில் வைத்தேன். ஒன்று நடுவில், ஒன்று கதவோரம். கதவோரம் இருந்தது சாம்பல் கலந்த பழுப்பாகவே வந்தது. நடுவில் இருந்தது நல்ல கத்தரிப்பூ. திரையில் இரண்டுக்கும் 250 டிகிரிதான். வெப்ப உணரி பின் சுவரில் இருந்தது. தனியாக ஒரு தெர்மோகப்பிளைப் படகுக்குள்ளேயே நுழைத்துப் பார்த்தபோது நடுவில் 270-க்கு மேல், கதவோரம் 220-க்குக் கொஞ்சம் மேல். அதற்கு முந்தைய ஆறு மாதத் தரவை என்ன செய்வது என்று தெரியாமல் அன்று இரவெல்லாம் உட்கார்ந்திருந்தேன்.

நீங்கள் 300 என்று எழுதியது எந்த 300? திரையில் இருந்ததா, பொடிக்குள் இருந்ததா?

பொடியின் தடிமனும் முக்கியம். லிகண்ட் எரியும்போது வெப்பம் வெளியாகிறது. படகில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குக் குவித்து வைத்தால் உள்ளே இருக்கும் பொடி ஃபர்னஸை விடச் சூடாகும், எரிந்த புகையும் அதற்குள்ளேயே தங்கும். மெல்லிய படலமாகப் பரப்ப வேண்டும்.

5 ஜூன் 2024

இப்போது எமன் விஷயம்.

தங்கம் வினையூக்கியே ஆகாது என்று பெரும்பாலோர் நினைத்திருந்த காலத்தில், 1987-இல் ஜப்பானில் ஹருட்டா குழு, ஆக்சைடு மேல் நுண்ணிய தங்கத் துகள்களை உண்டாக்கி, பூஜ்ஜியம் டிகிரிக்கும் கீழே கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனேற்றிக் காட்டியது. அந்தப் பொடிகள் கரைசலிலிருந்து வீழ்படிவாக்கிக் கழுவி உலர்த்தி, பிறகு காற்றில் சூடாக்கப்பட்டவை. டைட்டானியா மேல் தங்க ஹைட்ராக்சைடைப் படியவைக்கும் முறையிலும் அதன் பிறகு 300, 400 டிகிரியில் கால்சினேஷன் (காற்றில் சுடுவது) செய்வது வழக்கம். ஹைட்ராக்சைடு உடைந்து உலோகமாக வேண்டும். அந்த உலோகம் உருண்டையாக மேலே உட்கார்ந்திராமல் ஆக்சைடோடு பதிந்து, நீளமான தொடுவிளிம்பு உண்டாக வேண்டும். வேலை நடப்பதில் பெரும்பங்கு அந்த விளிம்பில்தான். அங்கே வெப்பம் வினையூக்கியைக் கொல்லவில்லை, உண்டாக்குகிறது.

உங்கள் கிளஸ்டர் எதிர்முனையிலிருந்து வருகிறது. நடுவில் 13 அணுக்கள் ஏற்கெனவே உலோகமாக இருக்கின்றன. சுற்றிலும் மிச்சம் 12 தங்க அணுக்களும் 18 கந்தகங்களும் ஆறு கவ்விகளாகப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அதற்குத் தேவைப்படுவது உலோகமாவது அல்ல, சட்டையைக் கழற்றுவது. ஹருட்டா வகைப் பொடிக்கு 300 டிகிரி பிரசவம் என்றால் உங்கள் பொடிக்கு அதே 300 டிகிரி உரிப்பு. ஒரே எண்ணை ஒரு கட்டுரையிலிருந்து எடுத்து இன்னொரு பொடிக்குப் போட்டுவிட்டோம். நானும் செய்திருக்கிறேன்.

குளோரைடை விட்டுவிட்டேன். தங்கத்தை குளோரோ ஆரிக் அமிலத்திலிருந்து ஏற்றுபவர்கள் கழுவாமல் சூடாக்கினால் மிச்சம் இருக்கும் குளோரைடு, துகள்களைச் சேர்த்துப் பெருக்கச் செய்யும், வேலை செய்யும் இடங்களையும் அடைக்கும். இது தங்கத்துக்கு மட்டும் இல்லை. மெத்தனால் தயாரிக்கும் செம்பு வினையூக்கிகளில் குளோரைடு பரம எதிரி. செம்பின் டாம்மான் வெப்பநிலை சுமார் 406 டிகிரி, செம்பு குளோரைடுக்கு 79 டிகிரி. 250 டிகிரியில் ஓடும் உலையில் அந்தக் குளோரைடு என்ன ஆட்டம் போடும் என்று நினைத்துப் பாருங்கள்.

9 ஜூன் 2024

என் முதல் பதிலில் ஒரு தவறு. உங்கள் பொடி வேலை செய்யாததற்குப் பெருத்துப்போனதைக் காரணமாக நான் காட்டியது போல ஆகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் அது போதாது. டைட்டானியா மேல் 5 நானோமீட்டர் தங்கம் ஒன்றும் செத்த பொருள் அல்ல. 1998-இல் குட்மேன் குழு டைட்டானியா ஒற்றைப் படிகத்தின் மேல் தங்கத்தை வளர்த்துப் பார்த்தபோது, சுமார் 3.5 நானோமீட்டர் அகலமும் இரண்டு அணு அடுக்கு உயரமும் உள்ள தீவுகள்தான் உச்சத்தில் இருந்தன. 5 நானோமீட்டருக்கு வரும்போது வேகம் இறங்கியிருக்கும்தான், ஆனால் 100 டிகிரியிலும் துடைத்த மாதிரி பூஜ்ஜியம் என்றால் வேறு எதுவோ அடைத்துக்கொண்டிருக்கிறது.

என் சந்தேகம் கந்தகம். தயோலேட்டில் உள்ள கரிமப் பகுதி எரிந்து காற்றோடு போய்விடும். கந்தகம் எங்கே போகும்? வியன்னாவில் ஆக்சைடு மேல் ஏற்றிய தங்கக் கிளஸ்டர்களை ஆராய்ந்தவர்கள் லிகண்ட் கிளஸ்டரிலிருந்து இறங்கித் தாங்கி மேல் குடியேறுவதைக் கண்டார்கள். கிளஸ்டர் கழன்றுகொள்கிறது, ஆனால் பக்கத்திலேயே, தொடுவிளிம்பிலேயே கந்தகம் சல்பேட்டாக உட்கார்ந்துவிட்டால் வேலை நடக்கும் இடம் போய்விட்டது. எக்ஸ்பிஎஸ்-இல் (எக்ஸ்-கதிர் பட்டு வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை வைத்து அணு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் முறை) கந்தகத்தின் 2பி பகுதியைப் பாருங்கள். 162, 163 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் இருந்தால் தயோலேட், 168, 169 என்றால் சல்பேட். 0.1 சதவீதத் தங்கத்தில் இது தெரியாது. இதற்காகவாவது 1 சதவீதப் பொடியைக் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். தூக்கி எறியாதீர்கள்.

9 ஜூன் 2024, இரவு

லிகண்டை எந்த வெப்பநிலையில் எடுப்பது என்று தனிச்செய்தியில் கேட்டிருக்கிறீர்கள். டிஜிஏ-வில் (சூடாக்கிக்கொண்டே எடையைப் பார்க்கும் அளவீட்டில்) தனிக் கிளஸ்டர் 200 டிகிரிக்குச் சற்று முன்பின்னாக எடை இழக்கத் தொடங்கும். தாங்கி மேல் ஏற்றியதும் கணக்கு மாறும். சீரியா (சீரியம் ஆக்சைடு) போல ஆக்சிஜனைக் கொடுத்து வாங்கும் ஆக்சைடு லிகண்டை முன்னதாகவே எரித்துவிடக்கூடும். அதனால் தனிக் கிளஸ்டரின் டிஜிஏ-வைப் பார்த்துத் தாங்கி மேல் உள்ளதற்கு வெப்பநிலை வைப்பது சரியல்ல.

2012-இல் கார்னகி மெலனில் ஜின் குழு 25 அணு கிளஸ்டரைச் சீரியா மேல் வைத்து, ஆக்சிஜனில் 150 டிகிரி, ஒன்றரை மணி நேரம் மட்டும் சூடாக்கியது. கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனேற்றம் பல மடங்கு ஏறியது. லிகண்ட் உரியும் வெப்பநிலை அது இல்லை, கிளஸ்டரும் சீரியாவும் தொடும் விளிம்பில்தான் வேலை என்றார்கள். 2014-இல் ஓக் ரிட்ஜில் செய்தவர்கள் வேறு விதமாகப் பார்த்தார்கள். லிகண்ட் முழுதாக இருக்கும்வரை கார்பன் மோனாக்சைடு தங்கத்தில் போய் உட்காரவே இடமில்லை, ஓரளவு உரிந்தால்தான் வழி திறக்கிறது. ஆனால் முழுக்க உரித்தால் கிளஸ்டரின் வடிவத்தைப் பிடித்துவைக்க ஆள் இல்லை. இதில் எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது. விளிம்பு என்பதை இரண்டு பேருமே மறுக்கவில்லை.

ஆக நீங்கள் தேட வேண்டியது வெப்பம் இல்லாத வழி அல்ல. பாதி உரித்த நிலை. 150-க்கும் 220-க்கும் நடுவில் எங்கேயோ.

15 ஜூன் 2024

இந்த இழையில் நான் எழுத வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே நினைத்தது இதுதான்.

2008-இல் கார்டிஃபின் ஹட்சிங்ஸும் லீஹையின் கைலியும் அவர்கள் குழுவும் இரும்பு ஆக்சைடு மேல் தங்கம் ஏற்றிய இரண்டு பொடிகளை ஒப்பிட்டார்கள். ஒரே தயாரிப்பு முறை. இரண்டையும் 120 டிகிரியில்தான் உலர்த்தினார்கள். ஒரே வேறுபாடு: ஒன்று தேங்கிய காற்றில், மற்றது ஓடும் காற்றில். தேங்கிய காற்றில் உலர்ந்தது கிட்டத்தட்ட ஒன்றும் செய்யவில்லை. ஓடும் காற்றில் உலர்ந்தது அருமையாக வேலை செய்தது. சாதாரண மின்னணு நுண்ணோக்கியில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். லென்ஸின் பிறழ்ச்சியைத் திருத்திய நுண்ணோக்கியில் ஒவ்வோர் அணுவாக எண்ணிப் பார்த்தபோதுதான் வேலை செய்யும் பொடியில் அரை நானோமீட்டர் அகலத்தில், இரண்டு அடுக்காக, சுமார் 10 அணு கொண்ட கிளஸ்டர்கள் இருப்பது தெரிந்தது. மற்றதில் அவை இல்லை.

வெப்பநிலை மாறவே இல்லை. ஓடும் காற்று ஈரத்தைத் தூக்கிக்கொண்டு போயிற்று, தேங்கிய காற்றில் ஈரம் பொடியின் மேலேயே நின்றது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இதை முதன்முதலில் படித்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மஃபிள் ஃபர்னஸ் என்பது மூடிய பெட்டி. லிகண்ட் எரிந்து வரும் நீராவி, கார்பன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு எல்லாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே பொடியைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. நான் இரண்டு ஆண்டுகள் அந்தப் பெட்டியில்தான் எல்லாவற்றையும் சூடாக்கினேன். மறுவாரமே ஒரு குவார்ட்ஸ் குழாயும் வாயு இணைப்பும் கேட்டு விண்ணப்பம் போட்டேன். வர எட்டு மாதம் ஆனது.

நிக்கலிலும் இதே கதை. உட்ரெக்டில் டி யோங் குழு சிலிக்கா மேல் நிக்கல் நைட்ரேட்டைக் காற்றில் சிதைத்தபோது பெரிய துகள்களும் கட்டிகளும் வந்தன. அதே வெப்பநிலையில், வாயுவில் கொஞ்சம் நைட்ரிக் ஆக்சைடு கலந்து ஓட விட்டபோது சிறிய, சீரான துகள்கள். வாயுவை மாற்றினால் வினையூக்கியே மாறிவிடுகிறது.

16 ஜூன் 2024

நேற்று எழுதியதை இன்று படித்தபோது 10 அணு கிளஸ்டர்தான் எல்லாம் செய்கிறது என்று தொனிக்கிறது. திருத்திக்கொள்கிறேன். அதே ஆட்கள் 2016-இல் இன்னும் விரிவாகப் பார்த்து, தனி அணுக்கள், அரை நானோமீட்டர் கிளஸ்டர்கள், 1 முதல் 3 நானோமீட்டர் துகள்கள் எல்லாம் கலந்தே இருக்கின்றன, அவற்றின் திறனில் ஏற்ற இறக்க வரிசை இருக்கிறது என்று எழுதினார்கள். தங்கள் பழைய முடிவைத் தாங்களே விரித்து எழுதினார்கள் என்பதே எனக்குப் பிடித்திருந்தது.

22 ஜூன் 2024

இன்னொருவர் கேட்கிறார்: காற்று எதற்கு, ஹைட்ரஜனில் சூடாக்கினால் கந்தகமும் போகும், ஆக்சைடாகவும் ஆகாது அல்லவா?

டைட்டானியா மேல் என்றால் ஜாக்கிரதை. 1978-இல் எக்ஸான் ஆய்வகத்தில் டாஸ்டர், ஃபங், கார்டன் மூவரும் டைட்டானியா மேல் பிளாட்டினம் வகை உலோகங்களை ஏற்றி ஹைட்ரஜனில் சூடாக்கினார்கள். 200 டிகிரியில் ஒடுக்கினால் உலோகம் ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடையும் ஒழுங்காகப் பிடித்துக்கொண்டது. 500 டிகிரியில் ஒடுக்கினால் கிட்டத்தட்ட எதையும் பிடிக்கவில்லை. துகள்கள் பெருத்துவிட்டனவா என்று பார்த்தால் இல்லை. ஆக்சிஜனில் சூடாக்கி மறுபடி 200 டிகிரியில் ஒடுக்கினால் பழைய குணம் திரும்பியது. பிற்பாடு புரிந்தது: ஒடுங்கிய டைட்டானியம் ஆக்சைடு மெல்லிய தோலாக ஊர்ந்து ஏறி உலோகத்தைப் போர்த்திக்கொள்கிறது.

எனக்கு இது வலிக்கிற விஷயம். டைட்டானியா மேல் பிளாட்டினம் ஏற்றி 500 டிகிரி ஹைட்ரஜனில் வைத்தேன். வாயு ஏற்பு பூஜ்ஜியம். பெருத்துவிட்டது என்று முடிவுகட்டி முழுத் தொகுதியையும் கொட்டிவிட்டேன். பல மாதம் கழித்து, ஒரு சின்னக் குப்பியில் மிஞ்சியிருந்த துளியை டெம்மில் பார்த்தால் எல்லாம் 2 நானோமீட்டர். ஆக்சிஜனில் 400 டிகிரி வைத்து எடுத்திருந்தால் போதும். வாயு ஏற்பு குறைந்தால் உடனே பெருத்துவிட்டது என்று எழுதாதீர்கள். மேலே போர்வை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

தங்கத்தில் ஹைட்ரஜனை மட்டும் வைத்து இந்தப் போர்வை பிளாட்டினத்தில் போல எளிதாக வராது. ஆனாலும் 500-க்குப் போகாதீர்கள். அங்கே தங்கம் வேறு காரணத்துக்காக, பெருத்துப்போய்க் கெடும்.

30 ஜூன் 2024

இன்னொரு திருத்தம், இது பெரியது. இதுவரை நான் எழுதியதைப் படித்தால் வெப்பநிலை ஏற ஏறத் துகள் பெருக்கும் என்று ஒரே திசையில் ஓடுவது போல இருக்கிறது. தங்கத்துக்கு அது கிட்டத்தட்டச் சரி. எல்லாவற்றுக்கும் அல்ல.

2016-இல் டாட்யேவும் கூட்டாளிகளும் அலுமினா மேல் இருந்த பிளாட்டினத்தைச் சீரியாப் பொடியோடு கலந்து காற்றில் 800 டிகிரியில் வைத்தார்கள். சாதாரணமாகப் பெரிய பிளாட்டினக் கட்டிகள் வந்திருக்க வேண்டும். வந்தது தனித்தனி அணுக்கள். அந்த வெப்பத்தில் பிளாட்டினம் ஆக்சைடாக ஆவியாகி அலைகிறது. சீரியாவின் மேற்பரப்புப் படிக்கட்டுகளில் போய் விழுந்ததும் ஆக்சிஜன் பிணைப்பால் மாட்டிக்கொள்கிறது. வெறும் அலுமினாவில் கட்டியாக்கும் அதே ஆவி, பிடித்துக்கொள்ளும் பொறி இருக்கும் இடத்தில் அணுவணுவாகப் பிரித்துப்போடுகிறது. அந்த அணுக்கள் அப்படியே குறைந்த வெப்பநிலையில் அவ்வளவு நன்றாக வேலை செய்யவில்லை. அடுத்த ஆண்டு அதே வகைப் பொடியை 750 டிகிரியில் நீராவியில் வைத்தபோது கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனேற்றம் தாழ்ந்த வெப்பநிலைக்கு இறங்கியது. ஈரம் கெடுதல் என்று 15 ஆம் தேதி எழுதினேன். இங்கே ஈரம்தான் உயிர் கொடுக்கிறது.

பெட்ரோலிய நாப்தாவைச் சீரமைக்கும் ஆலைகளில், ஓடி ஓடிப் பெருத்துப்போன பிளாட்டினத்தைக் குளோரின் கலந்த காற்றில் சுமார் 500 டிகிரியில் வைத்து மறுபடி பிரித்துப் பரப்புவது வெகு நாளாக நடப்பது. தங்கத்துக்கும் செம்புக்கும் எதிரி என்று நான் சொன்ன அதே குளோரைடு. டைஹட்சு நிறுவனத்தார் 2002-இல் காட்டிய பல்லேடியம் இன்னும் அழகு: வாகனப் புகை ஆக்சிஜனேற்றும் நிலையில் இருக்கும்போது பல்லேடியம் பெரோவ்ஸ்கைட் என்ற ஆக்சைடுப் படிகத்துக்குள் போய்விடும், ஒடுக்கும் நிலை வந்தால் சிறு துகளாக வெளியே வரும். உள்ளே, வெளியே, உள்ளே, வெளியே என்று போய்வந்துகொண்டே இருப்பதால் பெருக்க நேரம் கிடைப்பதில்லை.

அதனால் உங்கள் கேள்விக்கு ஒரே வரியில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எந்த உலோகம், எந்த ஆக்சைடு, எந்த வாயு என்று சேர்த்துக் கேட்டால்தான் வெப்பநிலைக்கு அர்த்தம் வருகிறது.

3 ஜூலை 2024

கொஞ்சம் விலகிப் போகிறேன். தங்கம் சேர்த்த மாணிக்கச் சிவப்புக் கண்ணாடியை முதலில் உருக்கி வேகமாகக் குளிரவைத்தால் நிறமே இருக்காது. தங்கம் தனி அணுக்களாகக் கண்ணாடிக்குள் கிடக்கிறது. அதை மறுபடி இதமாகச் சூடாக்கும்போது அணுக்கள் கூடிக் கூடித் துகளாகி, சிவப்பு தானாக எழுந்து வரும். கூடுதலாகச் சூடாக்கினால் துகள் பெருத்துக் கலங்கிய பழுப்பாகிவிடும். உங்கள் படகில் நடந்ததையே கண்ணாடி உருக்குபவர்கள் நூற்றாண்டுகளாகக் கண்ணால் பார்த்து நிறுத்தியிருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தச் சிவப்பு வேண்டும், நமக்கு வேண்டாம். 1857-இல் ஃபாரடேயும் கண்ணாடி மேல் தங்கத் தகட்டை ஒட்டிச் சூடாக்கி, அதன் வழியே தெரியும் பச்சை மறைவதைப் பதிவு செய்திருக்கிறார். உருகுநிலைக்கு வெகு கீழேயே தகடு கிழிந்து துளிகளாகச் சுருங்குகிறது. அணுவைப் பார்க்க வழியே இல்லாத காலத்தில் நிறத்தை மட்டும் வைத்து அவ்வளவு தூரம் போனார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்.

11 ஜூலை 2024

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். எக்ஸ்பிஎஸ்-இல் பழைய பொடியில் கந்தகம் 168.6-இல் இருந்ததாம். சல்பேட். தாங்கியைச் சீரியாவாக மாற்றி, 0.2 சதவீதம் ஏற்றி, குவார்ட்ஸ் குழாயில் ஓடும் ஆக்சிஜனில் 180 டிகிரி, 1 மணி நேரம் வைத்திருக்கிறார். 670 மேடு மங்கியது, பிளாஸ்மான் வரவில்லை. 60 டிகிரியில் கார்பன் மோனாக்சைடு மாற்றம் தொடங்கி 90-இல் பாதியைத் தொட்டிருக்கிறது.

படத்தைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. ஆனால் இரண்டு விஷயம் பாக்கி இருக்கிறது.

முதலாவது, 20 மணி நேரம் ஓட விட்டு மறுபடி நிறத்தைப் பாருங்கள். இந்த வினையே வெப்பம் வெளிவிடுவது. வினையூக்கிப் பொடிப் படுக்கையின் வெப்பநிலை 90 என்றாலும் துகள் இருக்கும் இடத்தில் கூட இருக்கலாம். கார்பன் மோனாக்சைடு ஒட்டிக்கொண்ட தங்க அணு எளிதாகக் கழன்று நகரும். ஃபர்னஸில் தப்பிய கிளஸ்டர் வினை நடக்கும் உலைக்குள் பெருத்துவிட முடியும். மிச்சப் பொடியை இருட்டில், ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளிச்சத்தில் வைத்த தங்கப் பொடி மேசை மேலேயே நிறம் மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, வெறும் சீரியா மேல் தயால் (தயோலேட்டாக மாறும் கந்தகச் சேர்மம்) மட்டும் ஏற்றி, தங்கம் இல்லாமல், அதே குழாய், அதே 180 டிகிரி, அதே ஓட்டம். அதையும் ஓட்டிப் பார்க்காமல் இது தங்கத்தின் வேலை என்று எழுதக் கூடாது.

செய்முறைப் பகுதியில் வாயு நிமிடத்துக்கு எத்தனை மில்லி, நிமிடத்துக்கு எத்தனை டிகிரி ஏற்றம், படகில் பொடி எவ்வளவு தடிமன், தெர்மோகப்பிள் எங்கே என்று எல்லாம் எழுதுங்கள். 180 டிகிரி, 1 மணி நேரம் என்பதோடு நிறுத்தினால் இன்னொருவரால் அதைத் திரும்பச் செய்ய முடியாது.

14 ஜூலை 2024

20 மணி நேரத்துக்குப் பிறகு பாதி மாற்றம் 90-இலிருந்து 97-க்குப் போயிருக்கிறது. 540 பக்கம் மிக மெல்லிய தோள்பட்டை மாதிரி ஒன்று தெரிகிறது என்கிறார். கொஞ்சம் பெருத்திருக்கிறது. 0.1 சதவீதத்தில் ஒரு முறை பாருங்கள்.

19 ஜூலை 2024

தங்கம் இல்லாத பொடி 120 டிகிரி வரை ஒன்றும் செய்யவில்லையாம். சரி, அப்படியானால் அது தங்கம்தான்.